ஜன்னலுக்கு வெளியே வைத்த விளக்கு

அந்த டாக்டரைப் பார்த்ததுமே எனக்குப் பிடிக்கவில்லை. குடலிறக்கம் முறுக்கிக்கொண்டு என் வீட்டுக்காரர் துடியாய்த் துடிக்கிறார். மடுகரையிலிருந்து மாட்டு வண்டியில் போட்டுப் பாகூர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் விளக்கு வைக்கும் நேரம் ஆகிவிட்டது. பிரெஞ்சு படித்த இந்த மனுஷன் என்னவென்றால், முதல் காரியமாக என் கையிலிருந்த சூடத்தைப் பிடுங்கிக்கொண்டார்.

"இங்க நெருப்பே ஆவாதும்மா. மயக்க மருந்தோட ஆவி பட்டா குப்புனு புடிச்சிக்கும்."

மருந்து பற்றிக்கொள்ளுமாம்! நான் அம்மனுக்குச் சூடம் ஏற்றினால் இவருக்கு என்ன வந்தது?

கரண்டு எட்டிப்பார்க்காத ஊர் அது. காஸ் லைட்டை நன்றாகப் பம்ப் அடித்து, ஜன்னலுக்கு வெளியே முக்காலிமேல் வைக்கச் சொன்னார். சாத்திய கண்ணாடி வழியாக வெளிச்சம் உள்ளே மேஜைமேல் விழுந்தது. வெளியே நின்ற எங்களுக்குக் கண் கூசி ஒன்றுமே தெரியவில்லை.

என் கொழுந்தன் காதைக் கடித்தான். "அண்ணி, நாம பாக்கக் கூடாதுன்னுதான் இப்டி வெச்சிருக்கான். உள்ள இன்னா பண்றானோ!"

எனக்கும் அதே சந்தேகம்தான்.

"வெளிச்சம் பத்தல, கிட்ட வைம்மா!" என்று உள்ளேயிருந்து டாக்டர் கத்தினார். நகர்த்தினேன். "இன்னும் கிட்ட!" கண்ணாடியை ஒட்டியே வைத்தேன். அனல் முகத்தில் அடித்தது. கொஞ்ச நேரத்தில் கண்ணாடி படீரென்று விரிசல் விட்டு, ஒரு துண்டு என் காலடியில் விழுந்தது. அந்த ஓட்டை வழியாக, குமட்டுகிற மாதிரி ஒரு தித்திப்பு வாடை வந்தது. டாக்டர் சொன்ன அந்த மயக்க மருந்தாகத்தான் இருக்க வேண்டும்.

விளக்கைத் தூக்கப் போனேன். கொழுந்தன் மறித்தான். "உனுக்கு இன்னா பைத்தியமா? வெளக்க எடுத்துட்டா அண்ணன இருட்டுல அறுப்பாங்க அண்ணி!"

அவன் சொன்னதும் நியாயம்தான். ஆனாலும் அவனைத் தள்ளிவிட்டேன். அவசரத்தில் கைப்பிடி அகப்படவில்லை. கொதிக்கிற தகட்டையே பிடித்துத் தூக்கிக்கொண்டு கிணற்றடிவரை ஓடினேன். ஐயோ, அந்த எரிச்சல்!

மங்கிப்போன ஒரு டார்ச் லைட்டை வைத்துக்கொண்டே டாக்டர் தையல் போட்டு முடித்தார். என் வீட்டுக்காரர் பிழைத்தார்.

அப்புறம் என் உள்ளங்கைக்குக் களிம்பு தடவிக்கொண்டே, "நல்லவேள, நான் சொன்னத நம்பினியேம்மா" என்றார் டாக்டர்.

"யாரு நம்புனா? இப்பக்கூட நம்பல. நீங்க சொன்னது பொய்யின்னா என் கையோட போவும். நெசமா இருந்தா? உள்ள கெடந்தது எங்க வூட்டுக்காரராச்சே!"

அவர் சட்டைப்பையிலிருந்து என் சூடத்தை எடுத்து நீட்டினார்.

"இந்தாம்மா. கெணத்தாண்ட போயி ஏத்து."

அதே சூடம்தானா என்று முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டேன்.