எல்லாமே நல்லது என்று சொன்ன மெஷின்

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. நாடு சுதந்திரம் அடைந்து இருபது வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. மலேசியாவில், மலாக்காவின் பத்து பெரெண்டாம் பக்கம் புதுசு புதுசாகத் தொழிற்சாலைகள் முளைத்துக்கொண்டிருந்தன. அதில் ஒன்றில், சிப் சோதிக்கும் மெஷின் தயாரிக்கும் பிரிவில் எனக்கு இன்ஜினியர் வேலை. ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவார்கள். மூன்று வாரம் பாக்கி இருந்தது. காஜா பெராங்கில் எங்கள் வரிசை வீடுகளில் அப்பா, "மகன் மெஷினையே உண்டாக்குறான்" என்று சொல்லி என்னை ஏற்கெனவே நிரந்தரமாக்கியிருந்தார்.

மெஷினின் வேலை சொல்வதற்குச் சுலபம். கறுப்பாக, கால் முளைத்த பூச்சி மாதிரி இருக்கும் சிப்பை ஒவ்வொன்றாக இழுத்து, மின்சாரம் கொடுத்துப் பார்த்து, நல்லதை வலது குழாயிலும் கெட்டதை இடது குழாயிலும் தள்ள வேண்டும். கெட்டது வந்தால் மணி அடித்து நின்றுவிடும். தள்ளும் கையைச் சரிபண்ணும்போது இந்த மணி என் உயிரை வாங்கியது. சும்மா கிட என்று, உள்ளே இரண்டு முனைகளை ஒரு சின்ன மஞ்சள் கம்பியால் இணைத்துப் பற்றவைத்தேன். இனி எது வந்தாலும் நல்லது என்றே எடுத்துக்கொள்ளும். கை சரியானது. கம்பியைக் கழற்ற மறந்துவிட்டேன்.

மறுநாள் வெளிநாட்டு மேனேஜர் முன்னால் ஓட்டிக் காட்டினேன். காலை முழுக்க ஒரு சிப்கூடக் கெட்டதாக வரவில்லை. கொஞ்சம் மூளை உள்ளவன் அங்கேயே சந்தேகப்பட்டிருப்பான். நான் டையைச் சரிசெய்துகொண்டேன். மேனேஜர் கை கொடுத்தார். சோதித்த சரக்கைப் பெட்டியில் அடைத்து நாலு மணி லாரியில் ஏற்றச் சொன்னார்.

இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறியது. மெஷினுக்கு வந்தவர் என் வயதுப் பெண், காஜா பெராங்காரர். ஷிப்ட் ஒத்துப்போகும் நாளில் ஒரே பஸ். பஸ்ஸில் நான் அண்ணன், ஆலைக்குள் சார். உட்கார்ந்ததும் அங்கிப் பையிலிருந்து ஒரு சிப்பை எடுத்தார். அதன் முதுகில் சிவப்பு நகப்பூச்சு.

அங்கே பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. செத்தது என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு சிப்பில் நகப்பூச்சு தடவி வைத்திருப்பார்கள். ஷிப்ட் தொடங்கும்போது முதலில் அதைத்தான் போடுவார்கள். கெட்டது என்று மெஷின் சொன்னால்தான் வேலையை ஆரம்பிப்பார்கள். நாங்கள் இன்ஜினியர்கள், "பூசை நடக்குது" என்று கிண்டலடிப்போம். கிண்டலை ஆரம்பித்து வைத்த புண்ணியவான் நான்தான்.

சிவப்பு சிப் உள்ளே போனது. அழகாக வலது குழாயில் விழுந்தது.

"சார், செத்தது பிழைச்சிருச்சு."

"சரியாப் போயிருக்கும்," என்றேன். படித்தவன் சொன்ன பதில் இது.

அவர் மறுபடியும் போட்டார். மறுபடியும் வலது. என்னைத் திரும்பிப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "அண்ணே, உள்ள என்னா செஞ்சி வச்சிருக்கீங்க?" என்றார்.

ஆலைக்குள் அவர் என்னை அண்ணே என்றது அதுதான் முதல் தடவை. மூடியைத் திறந்தேன். மஞ்சள் கம்பி ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. நேராகக் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கரண்ட் மேல் பழி போடலாமா, மழை ஈரம் என்று அளக்கலாமா, சிங்கப்பூரில் சித்தப்பா வீட்டுக்கு எந்த பஸ் என்று மூளை நாலாபக்கமும் ஓடியது. கடைசியாக ஒரு யோசனை வந்தது: சத்தமில்லாமல் கம்பியைக் கழற்றிவிடுவது. லாரி போகட்டும். வாங்கினவன் கெட்டதைக் கண்டுபிடித்துக் கத்தும்போது எனக்கு வேலை நிரந்தரமாகியிருக்கும். உண்மையைச் சொன்னால், இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

கதவைத் திறந்தால் எதிரே அந்தப் பெண். "மணி மூணேகால் லா அண்ணே. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

போனேன். போன வேகத்தில் மேனேஜர் மேசையை இடித்து, அவர் காப்பியைத் தரையில் கொட்டிவிட்டு, விஷயத்தையும் கொட்டினேன். அவர் திட்டவில்லை. போனை எடுத்து லாரியை நிறுத்தச் சொன்னார். அப்புறம், யார் கண்டுபிடித்தது என்று கேட்டார். மறுபடி சோதித்துப் பார்த்தபோது தெரிந்தது என்றேன். பரவாயில்லையே என்பதுபோலத் தலையாட்டினார்.

வெளியே, கதவருகில் நின்ற பெண்ணுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. "சோதிச்சது யாரு அண்ணே, கம்பியா?" என்றார். சிரிக்கவில்லை. மெஷினுக்குப் போய்விட்டார்.

இரண்டாம் முறை அந்த அறைக்குள் போவதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. மேனேஜர் குனிந்து காப்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் தலையைப் பார்த்தே பெண்ணின் பெயரைச் சொன்னேன், நகப்பூச்சைச் சொன்னேன், எங்கள் கிண்டலையும் சொன்னேன்.

பெட்டிகளை உடைத்துச் சோதித்ததில் நூறு சிப்புக்கு மேல் கெட்டது. எனக்கு வேலை நிரந்தரமாவது இன்னும் ஆறு மாதம் தள்ளிப்போனது, அப்பாவுக்குத் தெரியாது. எல்லா மெஷினுக்கும் ஒரு சிவப்பு சிப் கட்டாயமானது. நகப்பூச்சு வாங்கும் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். ஜாலான் பெண்டஹாரா தெருவில் ஒரு கடையில் பத்துக் குப்பி கேட்டேன். "தம்பிக்கு எத்தனை சம்சாரம்?" என்றார் கடைக்காரர். அப்போது எனக்குக் கல்யாணமே ஆகவில்லை.

கம்பி விஷயத்தை இன்றும் நாலு பேர் கூடினால் நானே சொல்லிச் சிரிக்கிறேன், அது மறதி. ஆனால் நிதானமாக யோசித்து ஒருவரின் பெயரை விழுங்கிய அந்த ஒரு வாக்கியத்தை நினைத்தால், இத்தனை வருஷம் கழித்தும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.