கோப்பைக்கு ராகு காலம்

விருதுநகரிலிருந்து காரியாபட்டி போகிற வழியில் ஒரு பழைய கோல்ஃப் கிளப் இருக்கிறது. சுற்றிலும் சீமைக்கருவேலம், உள்ளே மட்டும் பச்சைப் புல், நிழல் விரிந்த பெரிய பெரிய மரங்கள். பஞ்சுக் கம்பெனி நடத்திய ஒரு வெள்ளைக்காரத் துரை பொழுது போகாமல் உண்டாக்கிய இடம். துரை ஊருக்குப் போய்விட்டார். அவரைவிட அதிகமாகத் துரைத்தனம் பண்ணுகிறவர்கள் இப்போது உறுப்பினர்கள். கோலால் ஒரு பந்தைத் தட்டிக் குழியில் போடவா இத்தனை ஏக்கர் என்று கேட்டால், ‘பாரம்பரியம்’ என்பார்கள். உறுப்பினர் ஆவதற்கு உறுப்பினரின் மகனாகப் பிறக்க வேண்டும் என்பதும் அந்தப் பாரம்பரியத்தில் சேர்த்தி.

எங்கள் குடும்பத்திலும் அப்படித்தான். அம்மா விஸ்வநத்தத்தில் வெடிக் கம்பெனியில் மருந்து அடைத்தாள். பள்ளிக்கூடம் முடிந்ததும் நானும் அங்கேயே திரி சொருகப் போனேன். எத்தனை சோப்புப் போட்டாலும் சோற்றில் கந்தக வாடை அடிக்கும். ஒருநாள் பக்கத்து ஷெட் வெடித்தது. அன்றைக்கு ஓடி வந்தவள் திரும்பிப் போகவில்லை. கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு சிவகாசியில் ஓர் அச்சகத்தில் காலண்டர் வடிவமைக்கிற வேலைக்குச் சேர்ந்தேன். அந்த நாற்காலி போனால் எனக்கு மறுபடியும் மருந்து ஷெட்தான். அந்தப் பயம் இன்றைக்கும் இருக்கிறது.

அந்த அச்சகத்துக்குத்தான் கிளப்பிலிருந்து ஆர்டர் வந்தது. அவர்களுடைய கோப்பைப் போட்டியின் வரலாற்றைப் படங்களாகப் போட்டு, மாதத்துக்கு ஒரு தாளாக இங்கிலீஷில் ஒரு காலண்டர். கிளப் செயலாளர் என் பக்கத்திலேயே உட்கார்ந்து திருத்தம் சொன்னார். துரை படத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தன் படத்தில் தொப்பையைக் குறைக்கச் சொன்னார், முடியைக் கறுப்பாக்கச் சொன்னார். புரூஃபைத் திருப்தியாகப் பார்த்துவிட்டு, அடிக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் அச்சகத்தில் மாதக் காலண்டர் என்றால் தேதிக் கட்டங்களுக்குக் கீழே கிழமைவாரியாக ராகு காலம், எமகண்டம் தானாக வந்து உட்காரும். யாரும் கேட்டுப் போடுவதில்லை. எடுக்கச் சொன்னால்தான் எடுப்போம். செயலாளர் எடுக்கச் சொல்லவில்லை. கீழே இருந்த பொடித் தமிழ் எழுத்து அவர் கண்ணுக்கு ஏதோ பூவேலையாகத் தெரிந்திருக்கும்.

லோடு போய்ச் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் முதலாளி என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“ஏத்தா, குடியைக் கெடுத்திட்டியே! கோல்ஃப் காலண்டர்லே ராகு காலம் போட்டிருக்கீகளேன்னு போன்லே காறித் துப்புதாக. லோடு திரும்பி வந்துச்சு, நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்.”

“அண்ணாச்சி, அவுகதானே புரூஃப் பார்த்தாக?”

“பெரிய எடத்து ஆளுககிட்ட அதைக் கேக்க முடியுமா? வண்டியிலே ஏறு. வந்து மன்னிப்புக் கேளு.”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் ஏறினேன்.

கிளப்பில் எங்களைப் பின்வாசல் வழியாகத்தான் விட்டார்கள். கூடத்தில் ஒரு பெரிய பலகை. அதில் கோப்பை வென்றவர்களின் பெயர்கள் தங்க எழுத்தில். படித்துப் பார்த்தேன். மூன்றே குடும்பங்கள் காலங்காலமாக ஒன்றையொன்று ஜெயித்துக்கொண்டிருக்கின்றன. நான்காவதாக ஒருவனை உள்ளே விட்டிருந்தால் தெரிந்திருக்கும் இவர்கள் வீரம்.

கமிட்டி உட்கார்ந்திருந்தது. செயலாளர் காலண்டரைச் செத்த எலி மாதிரி இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார். “இது என்ன பலசரக்குக் கடைக் காலண்டரா? துரை உண்டாக்கின கிளப்புங்க இது!”

முதலாளி என்னை முன்னால் தள்ளினார். நான் வாயைத் திறப்பதற்குள், தலைவர் காலண்டரை வாங்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மிளகாய் வத்தல் மொத்த வியாபாரி, வயதானவர். போட்டி நடக்கிற மாதத்தைப் புரட்டினார். இறுதி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை. ஐந்து மணிக்கு மணி அடித்துக் கோப்பை கொடுப்பார்கள். துரை வகுத்த நேரம், ஒரு வருடமும் மாறியதில்லை என்று காலண்டரிலேயே பெருமையாக எழுதியிருந்தது. நேர் கீழே ஞாயிறு ராகு காலம், நாலரை முதல் ஆறு.

“ஏய்யா, ராகு காலத்துலேயா கோப்பையைக் கையிலே குடுக்கோம்?”

“அது துரை வச்ச நேரம் சார்” என்றார் செயலாளர்.

“துரைக்கு என்னய்யா, அவன் போயிட்டான். எம்மகன்லா வருசா வருசம் கடைசிக் குழியிலே கோட்டை விடுதான்!”

பிறகு ஓரத்திலிருந்து ஒருவர் மெதுவாகச் சொன்னார்: “நான் கோப்பையைக் கொண்டு போன வருசந்தான் எங்க பருப்புக் கிட்டங்கி தீப்பிடிச்சுச்சு.” இன்னொருவருக்குக் கோப்பை வந்த கையோடு மருமகள் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாளாம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, அருவருப்புதான் வந்தது. வீட்டில் கார் வாங்க, கடை திறக்க, பெண் பார்க்க எல்லாவற்றுக்கும் நேரம் பார்க்கிறவர்கள்தான் இவர்கள். ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் எப்போது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். கிளப்புக்குள் வரும்போது மட்டும் அதைக் காரிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். இரண்டையும் ஒரே தாளில் பார்த்ததும் துரையாவது, பாரம்பரியமாவது! ஒரு காபி ஆறுவதற்குள் தீர்மானம் போட்டுவிட்டார்கள்: இனிமேல் ஆறு மணிக்கு மேல், விளக்குப் போட்டுப் பரிசளிப்பு. காலண்டரை அப்படியே எல்லா உறுப்பினர் வீட்டுக்கும் அனுப்பச் சொன்னார் தலைவர். செயலாளரும் பலமாகத் தலையை ஆட்டினார்.

“யாருய்யா இதைப் போடச் சொன்னது?” என்று தலைவர் கேட்டார்.

“நான்தான்யா. நம்ம ஆளுகளுக்கு உதவுமேன்னு சொல்லிப் போடச் சொன்னேன்” என்றார் முதலாளி, என் முகத்தைப் பார்க்காமலேயே. அவருக்குக் காபி வந்தது. எனக்கு வரவில்லை.

சிவகாசிக்குத் திரும்பினோம். என் வேலை தப்பியது என்று நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியே எனக்கு அவமானமாகவும் இருந்தது. என் தெருமுனையில் வண்டி நின்றது.

“நாளைக்கு எட்டு மணிக்கு வந்திருத்தா” என்றார், ஏதோ வரம் கொடுக்கிறவர் மாதிரி.

“நாளைக்குத் திங்கக்கிழமை அண்ணாச்சி. ஏழரை ஒம்பது ராகு காலம். போன வேலை திரும்பக் கெடைச்சிருக்கு, நேரம் பார்த்துத்தான் ஏறணும். ஒம்பதுக்கு மேலேதான் வருவேன்.”

மறுநாள் நான் ஒன்பது தாண்டி அச்சக வாசலுக்குப் போனபோது, முதலாளியும் அப்போதுதான் வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்.