பின்வாசலில் தொடங்கிய ஆங்கிலம்

மாத்தளையில் நான் வேலை செய்யும் வாசனைத் திரவியத் தோட்டத்துக்கு வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள். அவர்களுக்கு மரங்களைக் காட்டி விளக்கத்தான் ஆங்கிலம் படித்தேன். காலையில் தோட்டத்தைக் கூட்டும்போது, முன்வாசல் கறுவா மரத்தில் தொடங்கி பின்வாசல் மிளகுக்கொடியடியில் விடைகொடுப்பது வரை, ஒவ்வொன்றாகச் சத்தமாகச் சொல்லிப் பாடமாக்கினேன்.

முதன்முதலாக நான் தனியே விளக்க வேண்டிய நாளில் அடைமழை. முன்பாதையில் தண்ணீர் நின்றதால், வந்த குடும்பத்தைப் பின்வாசலில் இறக்கினார்கள். மிளகுக்கொடியைக் கண்டதும், அந்த இடத்துக்குப் பழகிய வசனம் ஆங்கிலத்தில் தானாக வந்துவிட்டது.

"வந்ததற்கு மிக்க நன்றி. போய் வாருங்கள்!"

குடையோடு அவர்கள் திகைத்து நின்றார்கள். என்னோடு வேலை செய்யும், தினமும் என் பாடத்தைக் கேட்டுப் பழகிய செல்வி அக்கா பின்னாலிருந்து சிரித்தார்.

"அடியே, இப்பதானே வந்தாங்க! அதுக்குள்ள அனுப்புறியா?"

பாடமாக்கிய எதையும் பின்னாலிருந்து தொடங்கிச் சொல்ல வரவில்லை. வேறு வழியின்றி ஒரு மிளகுக்கொத்தைப் பறித்து நீட்டினேன்.

"இப்போது பச்சை. காய்ந்தால் கறுப்பு. எங்கள் வீட்டுக் கோழிக்கறிக்கு இதுதான் உயிர்."

எங்கும் படிக்காத, நானே கட்டிய வசனங்கள்! அந்தக் குடும்பத்து அம்மா உடனே, எப்படிச் சமைப்பீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அவர் கேட்கக் கேட்க, பிழையோடும் பயமின்றியும் சொல்லிக்கொண்டே நடந்தேன். முன்வாசல் கறுவா மரத்தடியில் அவர் கண்ணைச் சிமிட்டினார்.

"இப்போது நாங்கள் போகலாமா?"

அன்று நான் தலையை நிமிர்த்தி வீட்டுக்குப் போனேன். இப்போதும் காலையில் சொல்லிப் பார்க்கிறேன். எந்த மரத்தில் தொடங்குவேன் என்று எனக்கே தெரியாது.