சந்தனம் வைத்த பாட்டரி

தீனதயாளனுக்கு வாய் சுத்தமில்லை, கை சுத்தம். கள்ளக்குறிச்சியில் அவன் கடைக்கு மருந்தடிக்கிற ஸ்பிரேயரைத் தூக்கிவரும் எந்த விவசாயியும் இதைச் சொல்வான். எட்டாங்கிளாஸில் வாத்தியாரோடு மல்லுக்கு நின்று பள்ளிக்கூடத்தை விட்டவன், கரும்பு லாரியில் கிளீனராகத் திரிந்து, கடைசியில் லித்தியம் பாட்டரி கட்டும் தொழிலில் வந்து விழுந்தான். வசவு இலவசம்.

அவன் மச்சான் அரங்கநாதன் வெள்ளிமலையில் டீக்கடைக்காரர். நுரையீரல் கெட்டு, மூக்கில் குழாயும் தோளில் ஆக்சிஜன் மெஷினுமாக இருந்தாலும் வாய் மட்டும் குறையவில்லை. ஐப்பசியில் மகள் தனுஷாவுக்குக் கள்ளக்குறிச்சி மண்டபத்தில் கல்யாணம். தாரை வார்க்க அப்பன் வந்தாக வேண்டும். மெஷின் பாட்டரியோ பாதி மலை இறங்குவதற்குள் படுத்துவிடும். அந்த மாடலைக் கம்பெனி நிறுத்தியாயிற்று. மெஷின் வயரைக் காரில் செருகி ஓட்டலாம் என்றால், காரில் ஏறினாலே அவருக்கு வாந்தி. பஸ்ஸில் முன்சீட்டுதான் சரிப்படும்.

"பூச்சி மருந்து மெஷினுக்கு பாட்டரி கட்றவன் எனக்குக் கட்டப்போறானா? என்னை பூச்சின்னு நெனச்சிக்கினானா உன் புருஷன்?" என்று தங்கை கோகிலவாணியிடம் போனில் கேட்டார்.

"பூச்சின்னா ஒரே அடியில போயிருக்கும் மச்சான்" என்று பக்கத்திலிருந்து குரல் கொடுத்தான் தீனதயாளன்.

வாய்தான் அப்படி. புது செல்களாக வாங்கி, ஒவ்வொன்றையும் சார்ஜ் ஏற்றி இறக்கிப் பார்த்து, ஒரே மாதிரி தாங்குகிறவற்றை மட்டும் ஒதுக்கினான். அதற்குள் ஆயுத பூஜை வந்தது. கக்கூஸ் பக்கெட்டைத் தவிர கடையில் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். மச்சானுக்கான செல்களுக்குக் கூடுதல் பக்தி. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பொட்டு. மறுநாள் வேட்டி முனையால் துடைத்துவிட்டு, செல்களை இணைக்கும் நிக்கல் பட்டை வைத்து வெல்டிங் அடித்தான்.

வெள்ளிமலையில் வீட்டுக் கரண்ட் வயரைக் கையருகே வைத்துக்கொண்டு சோதித்தார்கள். கொஞ்ச நேரத்திலேயே மெஷின் பீ பீ என்று கத்தியது. தீனதயாளன் அவசரமாக வயரைச் செருகினான். மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார் அரங்கநாதன்.

"இன்னா மாப்ள, கல்யாணத்துல எனக்கு மாலை கழுத்துக்கா, போட்டோவுக்கா?"

தீனதயாளன் பாட்டரியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான். கடைக்கு வந்து பாட்டரியைப் பிரித்தான். சில பட்டைகள் நெம்பியதுமே கையோடு வந்தன. அடியில் சந்தனம், கருகிப்போய். பிடிமானம் இல்லாமல் சூடேற, பாட்டரிக்குள் இருந்த காவல் போர்டு மொத்தத்தையும் நிறுத்தியிருந்தது.

"இன்னா ஆச்சு?" என்றாள் கோகிலவாணி.

"உங்க அண்ணனுக்கு நான் சாமி கும்புட்டிருக்கக் கூடாது."

சூடேறிப்போன அந்த செல்களையெல்லாம் தூக்கிக் கடாசினான். புதியவற்றின் முனைகளை ஸ்பிரிட்டால் துடைத்து, வெறுங்கை படாமல் வெல்டிங் அடித்து, ஒவ்வொரு பட்டையையும் குறடால் இழுத்துப் பார்த்தான். பகல் முழுக்க அதில் பல்பு எரியவிட்டுச் சோதித்தான். பொட்டு வைத்தே தீருவேன் என்று நின்ற கோகிலவாணிக்கு வெளிப்பெட்டியைக் காட்டினான்.

கல்யாணத்துக்கு அரங்கநாதன் பஸ்ஸில் முன்சீட்டில் இறங்கிவந்தார். பின்சீட்டில் தீனதயாளன், வழியெல்லாம் மெஷினுக்குக் காது கொடுத்தபடி. அடிவாரத்துக் கச்சிராயபாளையம் தாண்டியும் அது கத்தவில்லை. மணவறையில் மகள் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைத்து அவர் தாரை வார்த்தபோது, எங்கோ பீ என்று ஒரு சத்தம். தீனதயாளன் பந்தியிலிருந்து எச்சில் கையோடு ஓடிவந்து மெஷின் முன் மண்டி போட்டான். விளக்கு பச்சையாகவே இருந்தது. சார்ஜ் பாதிக்குமேல் மிச்சம்.

அரங்கநாதன் குனிந்து சொன்னார்:

"அது நாயனம் மாப்ள. போய் அவனுக்கும் ஒரு பாட்டரி கட்டிக் குடு."