டீச்சர் வாங்கின மிலிட்டரி லாரி

போன வாரம் செஞ்சி மார்க்கெட் கமிட்டிக்குப் போயிருந்தேன். நெல் எங்களுடையது இல்லை. எங்களுக்கு நிலம் ஏது? சின்னம்மா மகள் குத்தகைக்குப் பயிர் வைத்திருக்கிறாள், துணைக்கு வாக்கா என்றாள், போனேன். வெட்டவெளியில் மூட்டைகளை அடுக்கி வைத்திருந்த நேரத்தில் ராஜகிரிப் பக்கமிருந்து மழை இறங்கியது. ஆட்கள் ஓடிவந்து பாய்களை இழுத்துப் போட்டார்கள். நீலமும் மஞ்சளுமாக எல்லாம் பிளாஸ்டிக் பாய்கள். நடுவில் ஒன்றே ஒன்று மட்டும் பழைய கித்தான் தார்ப்பாய். அது நனைந்ததும் ஒரு வாசனை எழுந்தது பாருங்கள், மெழுகும் டீசலும் ஊறிப்போன கோணியும் சேர்ந்த மாதிரி. நான் மழையில் நின்றுகொண்டு அதை மோந்துகொண்டிருந்தேன். "இன்னாக்கா, நெல்லப் பாக்காம பாயப் பாத்துட்டு நிக்கிற?" என்று அவள் கத்தினாள்.

உங்களிடம் சொல்லியிருக்கிறேனா? நான் ஒன்பது வருஷம் லாரியில்தான் பள்ளிக்கூடம் போய் வந்தேன். லாரியில் தொற்றிக்கொண்டு இல்லை. என் சொந்த லாரி. நானே ஓட்டுவேன். அதுவும் ராணுவம் ஓட்டித் தேய்த்து, இனி உதவாது என்று கண்டம் செய்து ஏலத்தில் விட்ட லாரி.

ஆரம்பப் பள்ளி டீச்சருக்கு எதற்கு மிலிட்டரி லாரி என்று கேட்காதவர்கள் செஞ்சியில் இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் அப்போது ஒவ்வொரு பதில் சொன்னேன். உங்களுக்கு உண்மையைச் சொல்கிறேன்.

என் பள்ளிக்கூடம் பனமலைப் பக்கம் ஒரு கிராமத்தில். பெயர் வேண்டாம். பஸ் பத்தரைக்குத்தான் வரும், பள்ளி ஒன்பதரைக்கு. அதனால் ஒரு ஸ்கூட்டி வாங்கினேன். ஊருக்குப் போக ஒரே வழி ஏரிக்கரை ரோடுதான். ஒரு வண்டி போகிற அகலத்துக்குத் தார், ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வேலிக்காத்தான் முள் மண்டிய சரிவு. அந்தக் கரைக்கு எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. ஊர்த்தெருக்காரர் வண்டி எதிரே வந்தால், காலனியிலிருந்து வருகிறவர் தாரை விட்டு மண்ணில் இறங்கிவிட வேண்டும். எங்கள் நைனா காலத்தில் சைக்கிளை விட்டே இறங்க வேண்டும். என் காலத்தில் அது சைக்கிளோடு இறங்கினால் போதும் என்று முன்னேறியிருந்தது. நான் செஞ்சியிலிருந்து வருகிறவள்தான், ஆனால் செஞ்சியில் எந்தப் பக்கம் என்று விசாரிக்க அவர்களுக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை.

நானும் இறங்கியிருக்கிறேன். பொய் சொல்லக் கூடாது. இரண்டு வருஷம் தினமும் இறங்கினேன். ஒருநாள் மட்டும் இறங்கவில்லை. அதைப் புரட்சி என்று நினைத்துவிடாதீர்கள். முந்தின நாள் மழை, ஓரமெல்லாம் சேறு, நான் புதுப் புடவை கட்டியிருந்தேன். அவ்வளவுதான் காரணம். எதிரே டிரெய்லர் மாட்டிய டிராக்டரில் ஏழுமலை வந்தார். ஊரில் பெரிய விவசாயி, எதிரே யார் வந்தாலும் வேகத்தைக் குறைக்கிற பழக்கம் இல்லாதவர். அன்றும் குறைக்கவில்லை. டிரெய்லரின் மூலை ஹேண்டில்பாரைத் தட்டியது. நானும் ஸ்கூட்டியும் முள்ளுக்குள் உருண்டோம். டிபன் பாக்ஸ் திறந்து எலுமிச்சை சாதம் சரிவெல்லாம் சிந்தியது. அவர் வண்டியை நிறுத்தி மேலேயிருந்து பார்த்தார். "ஓரமாப் போவத் தெரியாதா?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

காறை எலும்பு உடைந்திருந்தது. ஆறு வாரம் கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள். புகார் கொடுக்கப் போன இடத்தில், "ரோடு சின்னதும்மா, நீங்களும் கொஞ்சம் ஓரமாப் போயிருக்கலாம்" என்றார்கள். பள்ளித் தலைமையாசிரியர் வீட்டுக்கு வந்து ஆரஞ்சுப் பழம் கொடுத்து, "பேசாம டிரான்ஸ்பர் எழுதிக் குடுங்க, நான் ரெகமெண்ட் பண்றேன்" என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் ரோட்டில் இடித்தவர் அங்கேயே இருப்பார், இடிபட்டவள் ஊர் மாற வேண்டும் என்கிற கணக்கு எனக்குப் புரியவில்லை. ஆரஞ்சை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

என் கணவர் மதியழகன் மின்சார வாரியத்தில் லைன்மேன். கம்பத்தில் ஏறினால் பயப்பட மாட்டார், என்னிடம் கொஞ்சம் பயப்படுவார். கட்டு மாற்றுவதற்காக ஒருநாள் அவரோடு ஆட்டோவில் திண்டிவனம் போய்க்கொண்டிருந்தேன். எதிரே வரிசையாக ராணுவ லாரிகள் வந்தன. பஸ் ஒதுங்கியது. மணல் லாரி ஒதுங்கியது. காரில் வந்த கட்சிக் கொடி ஒதுங்கியது. எங்கள் ஆட்டோ புளியமரத்தோடு ஒட்டிக்கொண்டது. நான் கடைசி லாரி போகும் வரை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னேன்: "எனக்கு அதுல ஒண்ணு வேணும்."

"எதுல?"

"அந்த லாரில."

"அது கவர்மெண்ட்டு வண்டிடி. பட்டாளத்துல சேந்தாதான் குடுப்பாங்க." சிரித்துக்கொண்டே சொன்னவர், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

பட்டாளத்தில் சேராமலே வாங்கலாம் என்று பத்து நாளில் அவரே விசாரித்து வந்தார். வேலூர்ப் பக்கம் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் ஏலத்தில் எடுத்து விற்கிறாராம். போனோம். மானாவாரி நிலத்தில் ஐந்தாறு லாரிகள் மூக்கை ஒரே பக்கம் வைத்து அட்டென்ஷனில் நின்றன. ஒன்றின் பானெட் மேல் ஆடு படுத்திருந்தது. அந்த ஆட்டின் தைரியம் எனக்குப் பிடித்ததால் அந்த வண்டியையே காட்டினேன். சின்ன லாரிதான், ஆனால் என் தோள் உயரத்துக்குச் சக்கரம் இருப்பதாக அப்போது தோன்றியது. பின்னால் கித்தான் கூடாரம். கதவைத் திறந்ததும் அந்த மெழுகு டீசல் வாசனை. சுபேதார் மீசையைத் தடவிக்கொண்டே கேட்டார்: "என்ன லோடும்மா ஏத்துவீங்க?"

"நான்தான் லோடு."

அவர் மதியழகனைப் பார்த்தார். மதியழகன் ஆட்டைப் பார்த்தார்.

வண்டியைப் பதிவு செய்யப் போனபோது ஒரு சிக்கல். ராணுவப் பச்சையில் சிவிலியன் வண்டி ஓடக் கூடாது. கண்டம் செய்த காகிதம், ஏலக் காகிதம் எல்லாம் சரியாக இருந்தும், "முதல்ல கலர மாத்துங்க" என்று அனுப்பிவிட்டார்கள். செஞ்சியில் போர்டு எழுதுகிற பெயிண்டர், "இன்னா கலர் அடிக்கட்டும்?" என்றார்.

"நீலம்."

"லைட்டாவா?"

"நல்லா அழுத்தமா."

பெயிண்டர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். அவரும் எங்கள் பக்கம்தான். ஒரு கோட்டுக்கு மூன்று கோட்டாக அடித்துக் கொடுத்தார். வண்டி வீட்டு வாசலுக்கு வந்தபோது நைனா சுற்றிச் சுற்றி வந்து டயரைத் தட்டிப் பார்த்தார். "பட்டாளமே நம்பள்து ஆயிடுச்சி போலக்கீதே" என்றவர், ஏறி உட்கார்ந்து ஒரு மணி நேரம் இறங்கவே இல்லை. சாப்பாட்டை மேலே கொடுத்தோம்.

லைசென்ஸ் எடுக்க நான் பட்ட பாட்டைத் தனியாகச் சொல்லலாம், வேண்டாம். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் பதினோரு ஆண்களுக்கு நடுவில் நான் ஒருத்தி. பவர் ஸ்டீயரிங் கிடையாது. உடைந்து சேர்ந்த தோளை வைத்துக்கொண்டு திருப்பும்போதெல்லாம் ஏழுமலையை நினைத்துக்கொள்வேன், சக்கரம் திரும்பிவிடும்.

முதல் நாள் பள்ளிக்குப் போனபோது பிள்ளைகள் வகுப்பை விட்டு ஓடிவந்துவிட்டார்கள். இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "டீச்சர், சண்ட எங்க?" என்று கேட்டாள். தலைமையாசிரியர் கையெழுத்துப் பதிவேட்டை என் பக்கம் நகர்த்திவிட்டு, "இத எங்கம்மா நிறுத்துவீங்க?" என்றார். "வேப்பமரத்தடில சார். ஸ்கூட்டி நின்ன எடம்தான்." "ஸ்கூட்டி நெழல்ல நின்னுச்சி. இப்ப மரமே இதோட நெழல்ல நிக்குதே" என்றார். அந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் சிரிப்பு அதுதான்.

மூன்றாவது வாரம் கரையில் ஏழுமலை எதிரே வந்தார். அதே டிராக்டர், அதே டிரெய்லர், மேலே கரும்புக் கட்டு. நான் கரையில் பாதிக்கு மேல் வந்திருந்தேன். அவர் அப்போதுதான் ஏறியிருந்தார். நியாயமாக அவர்தான் பின்னால் போக வேண்டும். அவர் வந்துகொண்டே இருந்தார். நானும் போய்க்கொண்டே இருந்தேன். இரண்டு வண்டிக்கும் நடுவில் ஒரு கோழி நுழைகிற அளவுக்கு இடம் இருந்தபோது இருவரும் நின்றோம்.

"இந்தா, பின்னால எடு!" என்றார்.

"நீங்க எடுங்க. நான் பாதிக் கரைக்கு மேல வந்துட்டேன்."

"டிரெய்லர் மாட்டிக்கீது, கண்ணு தெரியல? எப்பிடி எடுக்கறது?"

"அன்னிக்கும் டிரெய்லர்தான் மாட்டியிருந்துச்சு. அன்னிக்கு நிறுத்தத் தெரியல. இன்னிக்குப் பின்னால போவத் தெரியலியா?"

அவர் ஹாரனை அழுத்திப் பிடித்தார். நான் இன்ஜினை நிறுத்தினேன். பக்கத்து சீட்டிலிருந்த பையைத் திறந்து மூன்றாம் வகுப்புக் கணக்குப் பேப்பர்களை எடுத்து ஸ்டீயரிங் மேல் வைத்துத் திருத்த ஆரம்பித்தேன். முதல் பிள்ளைக்கு நான் போட்ட டிக் ஏரி அலை மாதிரி இருந்தது. பேப்பரில் என்ன எழுதியிருந்தது என்று இப்போது கேட்டாலும் தெரியாது. தலையை மட்டும் நிமிர்த்தவில்லை.

காலனியிலிருந்து ஆடு ஓட்டி வந்த பச்சையம்மா அக்கா லாரிப் பக்கம் வந்து நின்றார். "இன்னா டீச்சரு, வண்டி நின்னுகினு கீது?"

"ஒண்ணும் இல்லக்கா. திருத்திட்டு இருக்கேன்."

அக்கா இரண்டு வண்டியையும் பார்த்தார். "திருத்து, திருத்து. நல்லாத் திருத்து" என்று சொல்லிவிட்டு லாரியின் முன்சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்து வெற்றிலையை எடுத்தார். நான் அடுத்த பேப்பரை எடுத்தேன்.

ஏழுமலைக்குப் பின்னால் ஆட்கள் சேர்ந்தார்கள். தெருவிலிருந்து கேனில் பால் ஏற்றி வந்தவர், ஏழுமலையின் பங்காளிதான், கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு, "யோவ், பாலு திரிஞ்சிபூடும்யா. அந்தம்மா நவுர்ற மாதிரி தெரியல. நீதான் எடேன்" என்றார்.

"நானா? இதுக்கா?" என்றார் ஏழுமலை.

"இதுக்கு இல்லய்யா. பாலுக்கு."

டிரெய்லரோடு கரையில் பின்னால் போவது லேசான வேலை இல்லை. மூன்று முறை கோணிக்கொண்டு நின்றது. நான்காவது முறை ஒரு சக்கரம் தாரை விட்டு மண்ணில் இறங்கியது. யாரும் கைதட்டவில்லை, கூச்சல் போடவில்லை. கரும்புச் சோகை உரசும் சத்தம் மட்டும் கேட்டது. பச்சையம்மா அக்கா எழுந்து ஆடுகளை ஓரம் கட்டியதும் நான் சாவியைத் திருப்பினேன், கிளட்சை விட்டதும் வண்டி குதித்து அணைந்துபோனது. மறுபடி போட்டேன். கம்பீரமாக நகர்ந்தேன் என்று எழுத ஆசைதான், ஆனால் பச்சையம்மா அக்கா இன்னும் உயிரோடு இருக்கிறார். கரை முடிவில் ஏழுமலையைக் கடந்தபோது அவர் என்னை அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. நான் முன்னால் மட்டும் பார்த்தேன்.

இப்போது சொல்கிறேன், அப்போது மதியழகனுக்கு மட்டும் தெரிந்த விஷயம்: அன்று அந்த லாரியில் ரிவர்ஸ் கியர் விழவில்லை. காலையிலிருந்தே முரண்டு பிடித்துக்கொண்டிருந்தது. நான் நினைத்திருந்தாலும் பின்னால் போயிருக்க முடியாது. ஆனால் ரிவர்ஸ் விழுந்திருந்தால் போயிருப்பேனா என்று எத்தனையோ முறை என்னையே கேட்டிருக்கிறேன். போயிருக்க மாட்டேன். அது உறுதி.

ஏழுமலை சும்மா இருக்கவில்லை. டீச்சர் லாரியில் வருவது மாணவர்களுக்கு ஆபத்து என்று மேலிடத்துக்கு மனு போட்டார். விளக்கம் கேட்டு எனக்குத் தாள் வந்தது. "ஐயா, நான் நேரத்துக்குப் பள்ளிக்கு வருகிறேன். எதில் வர வேண்டும் என்று விதி இருந்தால் அதன் நகலை அனுப்பி வைக்கவும்" என்று எழுதிக் கொடுத்தேன். நகல் வரவே இல்லை. ஏழுமலை மன்னிப்பும் கேட்டதில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நீல லாரி கரையில் ஏறுவதைப் பார்த்தால் அந்தப் பக்கமே நின்றுகொள்வார். கொஞ்ச நாளில் காலனிச் சைக்கிள்கள் லாரிக்குப் பின்னால் சேர்ந்து வர ஆரம்பித்தன. அப்புறம் லாரி இல்லாத நேரத்திலும் தார் மேலேயே வந்தன. அதை யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்யவில்லை.

ஒன்பது வருஷத்துக்குப் பிறகு பார்ட்ஸ் கிடைக்கவில்லை, ஓட்டத் தகுதி என்கிற எஃப்.சி. சான்றும் கிடைக்கவில்லை. பழைய வண்டி உடைக்கிறவருக்கு விற்றோம். இழுத்துப் போக வண்டி அனுப்புகிறேன் என்றார். வேண்டாம், நானே ஓட்டி வந்து விடுகிறேன் என்றேன். சாவியைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வரும்போது பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தேன். உட்காரச் சொன்னார்கள், உட்காரப் பிடிக்கவில்லை.

இப்போது அந்தக் கரையே இல்லை. ஒரு பக்கம் மண்ணை நிரப்பி இரண்டு வண்டி தாராளமாகப் போகிற ரோடாக்கிவிட்டார்கள். பஸ் நான்கு முறை வருகிறது. வேப்பமரத்தை வெட்டிச் சுற்றுச்சுவர் கட்டியிருக்கிறார்கள். ஏழுமலை டிராக்டரை விற்றுவிட்டார் என்று கேள்வி. போன மாதம் பள்ளியில் பழைய ஆசிரியர்களைக் கூப்பிட்டுச் சால்வை போட்டார்கள். தலைமையாசிரியர், பாவம், தளர்ந்துவிட்டார், என் பக்கத்தில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டார்: "அந்தக் காலம் மாதிரி வருமா டீச்சர்?"

வரக் கூடாது சார் என்றேன். அந்தக் காலம் போனது போனதாகவே இருக்கட்டும். லாரி மட்டும் இருந்திருக்கலாம்.