லாகின் ஆகாத மூன்று நாட்கள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆடி மாதக் கடைசியில், சங்கராபுரத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் நடந்தது இது. சென்னையில் உள்ள ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்துக்கு நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். அப்போது பள்ளி விடுதிகளுக்காக ஓர் இணையச் செயலி தயாரித்துக்கொண்டிருந்தோம். எனக்கு உதவியாக ஒரு பெண்ணைப் போட்டிருந்தார்கள். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூர் அவளுக்கு. வேலையில் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. ஆறு மாதம் முடிந்தால்தான் நிரந்தரம். வீட்டில் சிக்னல் நிற்காததால், எழுதியதை அனுப்பவும் என்னோடு பேசவும் அவள் ரோட்டோர மேடு ஒன்றுக்கு நடந்து வரவேண்டும்.

ஒரு செவ்வாய்க்கிழமை லாகின் பகுதியை மாற்றி எழுதி அனுப்பினாள். அதுவரை அவரவர் லேப்டாப்பிலேயே நடந்துகொண்டிருந்த லாகின், இனி சென்னை அலுவலக சர்வர் வழியாக நடக்க வேண்டும் என்பதுதான் மாற்றம். என் லேப்டாப்பில் போட்டு ஓட்டிப் பார்த்தேன். பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தால், உள்ளே விட்ட வேகத்தில் வெளியே தள்ளியது. மறுபடியும் கொடுத்தேன். மறுபடியும் தள்ளியது. திரையின் அடியில் சிவப்பு எழுத்தில் நீளமாக ஒரு எரர். அதில் ‘காலாவதி’ என்ற சொல் மட்டும் என் கண்ணில் பட்டது.

உடனே அவளைக் கூப்பிட்டேன். அனுப்பிய மேட்டிலேயே இன்னும் இருந்தாள். “எங்கிட்ட நல்லா ஓடுதுக்கா” என்றாள். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், இதைவிட எரிச்சல் மூட்டும் வாக்கியம் கிடையாது. லாகின் செய்தவருக்கு ஒரு மணி நேர அனுமதி கொடுக்க வேண்டும், நீ ஒரு நொடி என்று வைத்துத் தொலைத்திருப்பாய், போய்ப் பார் என்றேன். பார்த்துவிட்டு, ஒரு மணி நேரம் என்றுதான் இருக்கிறது என்றாள். எரரை முழுசாகப் படித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டாள். காலாவதி என்கிறது, இதில் படிக்க என்ன இருக்கிறது என்று போனை வைத்துவிட்டேன்.

அதன் பிறகு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. பிரவுசரை மாற்றினேன். லேப்டாப்பை அணைத்து அணைத்துப் போட்டேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்ப இறக்கலாம் என்றால், தெருவில் குழி தோண்டியவர்கள் இணைய வயரை வெட்டிவிட்டிருந்தார்கள். போன் நெட்டில் இறக்க ஆரம்பித்தேன். முக்கால்வாசி இறங்கியபோது டேட்டா தீர்ந்தது. புதன்கிழமை வேறு பேக் போட்டு முழுவதையும் இறக்கி, லாகின் பட்டனை அழுத்தினால், அதே சிவப்பு வரி. சாப்பிட வா என்று கூப்பிட்ட கணவர் மேல் எரிந்து விழுந்தேன். மலையிலிருந்து அவளும் விடாமல் கூப்பிட்டு, அந்த எரரைப் படித்துச் சொல்லுங்கள் என்று இன்னும் இரண்டு முறை கேட்டாள். எனக்கே பாடம் நடத்துகிறாளா என்றுதான் தோன்றியது.

வெள்ளிக்கிழமை திருக்கோவிலூரில் ஒரு விடுதியில் இதை இயக்கிக் காட்டவேண்டும். புதன் சாயங்காலம் பொறுமை போயே போய்விட்டது. மேனேஜருக்கு ஒரு மெயில் அனுப்பினேன். புதிதாகச் சேர்ந்தவரின் கவனக்குறைவால் இரண்டு நாட்கள் வீண், இவரை இந்த வேலையிலிருந்து எடுத்துவிடலாம் என்று எழுதினேன். இரண்டே வரி. பிறகு, மேட்டிலிருந்து அவள் கூப்பிட்டபோது, காலையில் லேப்டாப்போடு கிளம்பி வா என்றேன்.

காலை எட்டு மணி பஸ் ஏறி, கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சி வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து அவள் வந்து சேரும்போது மணி பதினொன்றரை. மலை வளைவுகளில் வாந்தி எடுத்து முகம் வெளுத்திருந்தது. கையில் லேப்டாப் பையோடு, லேப்டாப் வந்த அட்டைப் பெட்டியும் இருந்தது. அதை எதற்குச் சுமந்து வந்தாள் என்று யோசிக்கக்கூட எனக்கு நேரமில்லை. உட்கார வைத்து, பார் என்று என் திரையைக் காட்டினேன்.

தான் எழுதிய புரோகிராமை அவள் தொடவே இல்லை. என்னை லாகின் செய்யச் சொன்னாள். வெளியே தள்ளியது. அந்தச் சிவப்பு வரியை முழுவதும் படித்தாள். அதன் கடைசியில், அனுமதி முடியும் நேரம், லேப்டாப்பின் இப்போதைய நேரம் என்று இரண்டு நேரங்கள் இருந்தன. பிறகு திரையின் ஓரத்தைப் பார்த்தாள்.

“அக்கா, இப்ப ஏ.எம்.தானே? இதுல இன்னா பி.எம்.னு காட்டுது?”

கடிகாரம் பார்க்கவா உன்னைக் கூப்பிட்டேன் என்று கேட்க வாயைத் திறந்தபோதுதான் நினைவு வந்தது. விடுதிக் கட்டண நினைவூட்டல் சரியாகப் போகிறதா என்று சோதிக்க, போன வாரம் நானேதான் லேப்டாப்பின் தேதியைத் தள்ளி வைத்தேன். சோதித்து முடித்ததும் நானேதான் கையால் திருப்பி வைத்தேன். காலை பத்து என்பதற்குப் பதில் இரவு பத்து என்று வைத்திருக்கிறேன். சென்னை சர்வர் ஒரு மணி நேர அனுமதி கொடுக்கிறது. பன்னிரண்டு மணி நேரம் முந்தி ஓடும் என் லேப்டாப், அது எப்போதோ முடிந்துவிட்டது என்று நினைத்து வெளியே தள்ளுகிறது. அவள் எழுதியதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

நேரத்தைச் சரி செய்தேன். லாகின் ஆனது. சந்தோஷப்படத் தோன்றவில்லை. ஏதாவது பேசவேண்டுமே என்று, இந்தப் பெட்டி எதற்கு என்று கேட்டேன்.

“நேத்து மேனேஜர் பேசுனாருக்கா. லேப்டாப்ப டப்பாவோட எடுத்துக்கினு போய் உங்ககிட்ட குடுத்துடச் சொன்னாரு.”

வேலை போய்விட்டது என்று தெரிந்துதான் மூன்று மணி நேரம் பஸ்ஸில் வந்திருக்கிறாள். தெரிந்துதான் உட்கார்ந்து என் எரரைப் பார்த்திருக்கிறாள். அவள் எதிரிலேயே மேனேஜரைக் கூப்பிட்டு, தப்பு என்னுடையது என்றேன். அவர் சிரித்துவிட்டு, சரி விடுங்க, அந்தப் பொண்ணு வேலையைத் தொடரட்டும் என்றார். போனில் சொன்னது போதாது என்று பட்டதால், நடந்ததை ஒன்று விடாமல் எழுதி எங்கள் குழுவில் எல்லோருக்கும் மெயில் அனுப்பினேன். கொஞ்சம் ரசம் சாதம் மட்டும் சாப்பிட்டாள். வண்டியில் கூட்டிக்கொண்டு போய்க் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் மலை பஸ் ஏற்றிவிட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்ததும், கோபமே இல்லாமல் ஒன்று சொன்னாள்.

“மூணு வாட்டி கேட்டேன்க்கா, படிச்சு சொல்லுங்கன்னு. அது டைம பத்திதான் சொல்லிக்கினு இருந்துச்சு.”

மறுநாள் திருக்கோவிலூரில் எல்லாம் நன்றாக நடந்தது. இரண்டு மாதத்தில் அவளுக்கு வேலையும் நிரந்தரமானது. இன்றும் நாங்கள் ஒன்றாகத்தான் வேலை செய்கிறோம். அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள். எரர் வந்தால் இப்போது முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்கிறேன். ஆனால் அந்த இரண்டு வரி மெயிலை அவள் மன்னித்துவிட்டாளா என்று கேட்கும் தைரியம் மட்டும் எனக்கு இன்னும் வரவில்லை.