நாடாத் தழும்பு

எங்கள் ஸ்டுடியோவுக்கு வந்த எந்தப் பெண்ணும் தன் வயதோடு படத்தில் விழுந்ததில்லை. போடியில் அப்பா தொடங்கிய கடை. அவருக்குப் பிறகு நானும் தம்பியும் நடத்துகிறோம். கேமரா என் பொறுப்பு. கம்ப்யூட்டரில் உட்கார்ந்து படங்களைச் சுத்தம் பண்ணுவது தம்பி மனைவியின் பொறுப்பு. கழுத்துக் கருப்பு, கண்ணுக்குக் கீழே பை, கன்னத்து மங்கு எல்லாம் அவள் கையில் காணாமல் போய்விடும். அவளிடம் கொடுத்தால் அறுபது நாற்பதாகிவிடும் என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சில்தான் எங்கள் அடுப்பு எரிகிறது, அதனால் நான் குறை சொல்ல மாட்டேன்.

ஐம்பத்தைந்தைத் தாண்டிய பிறகு எனக்கு வேறொரு கிறுக்குப் பிடித்தது. கூட்டமில்லாத மதியங்களில், பெண்கள் உடை மாற்றும் அறையைத் தாழிட்டுக்கொண்டு, என் உடம்பையே படமெடுக்க ஆரம்பித்தேன். தொங்கிய வயிறு. பிள்ளை பெற்ற வரிகள். இடுப்பைச் சுற்றி உள்பாவாடை நாடா இறுக்கி இறுக்கிக் கருத்துக் காய்த்துப்போன தடம். சேலை கட்டும் எங்கள் வயதுப் பெண்களில் அந்தத் தடம் இல்லாதவர்கள் குறைவு. படத்தில்தான் ஒருவரிடமும் கிடையாது. ஜன்னல் வெளிச்சம் பக்கத்திலிருந்து விழும்போது எனக்கு அது அழகாகத் தெரிந்தது. எடுக்க வெட்கமில்லை, கலை என்று வாய்விட்டுச் சொல்லத்தான் வெட்கமாக இருந்தது.

முகம் தெரியாத ஒரு படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு அந்த அறைக்குள்ளேயே மாட்டினேன். ஆண்கள் அங்கே வருவதில்லை. பெண்கள் பார்த்தார்கள். சிலர் “என்ன கருமம் இது” என்றார்கள், பலர் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்கள். தன்னையும் அப்படி எடுக்க ஒருத்தியும் சம்மதிக்கவில்லை.

அப்போதுதான் ராசிங்காபுரத்திலிருந்து ஓர் அக்கா மகனோடு வந்தார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். விடியுமுன் ஜீப்பில் போடிமெட்டு ஏறி, ஏலத்தோட்டத்தில் காய் எடுத்துவிட்டுச் சாயங்காலம் இறங்குகிறவர். நகக்கண்ணெல்லாம் காய்க்கறை. எங்கள் பக்கத்தில் வயதானவர்களுக்கு ஆபரேஷன் என்றால், பிள்ளைகள் முதலில் ஸ்டுடியோவுக்குத்தான் அழைத்து வருவார்கள். பட்டுச்சேலை, நகை, நேரான பார்வை. எதற்கென்று யாரும் சொல்வதில்லை. தலைக்கு மேலே கொஞ்சம் இடம் விடச் சொல்வார்கள், மாலைக்கு. அந்த மகனும் சொன்னான்.

பட்டுச்சேலைப் படம் முடிந்தது. பழைய சேலைக்கு மாற உள்ளே போன அக்கா வெளியே வரவே இல்லை. போய்ப் பார்த்தால், என் படத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

“யாரு வயிறு தாயி இது?”

“என்னோடதுதான்க்கா.”

சிரித்துவிட்டார். உள்பாவாடையைக் கொஞ்சம் இறக்கித் தன் இடுப்பைக் காட்டினார். நாடாத் தடத்துக்கு மேலே, மழைக்குச் சுற்றிக் கட்டும் பிளாஸ்டிக் சாக்கின் கயிறு பதித்த இன்னொரு தடம். “எனக்கு ரெண்டு இருக்கு, பாத்துக்க.”

பிறகு இடது மார்பில் கையை வைத்தார். “இதுல கட்டி. வார வியாழக்கெழம எடுத்துருவாக. செத்தா மாட்டுறதுக்குப் படம் எடுக்க எம்மவன் கூட்டியாந்துட்டான். எனக்குன்னு நீ ஒண்ணு எடு தாயி, முழுசா இருக்கயில. பொழச்சு வந்தா, இது எப்படி இருந்துச்சுன்னு நான் பாக்கணும்ல.”

வெளியே மகன், “வெரசா வாத்தா, பஸ்சு போயிரும்” என்று சத்தம் கொடுத்தான். “சேல கட்ட வேணாமாடா?” என்று இவர் பதில் சத்தம் கொடுத்தார். கழுத்திலிருந்து தொடை வரை எடுத்தேன். இடது மார்பு வலதைவிடச் சற்றுத் தாழ்ந்திருந்தது. கூச்சமில்லாமல், ஜீப்புக்குக் காத்திருக்கிறவர் போல, சாதாரணமாக நின்றார். நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் வெளியூரில் கல்யாணம். படங்களைக் கம்ப்யூட்டரில் இறக்கி, கார்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டேன். திரும்பி வந்தபோது வியாழக்கிழமை கடந்திருந்தது. பட்டுச்சேலைப் படத்தோடு இந்தப் படமும் பிரிண்ட் போட்டு மேஜையில் இருந்தது. வயிறு வழவழவென்று. இடுப்பில் ஒரு தடமும் இல்லை. மார்புகள் இரண்டும் ஒரே மட்டத்தில்.

“என்னடி பண்ணி வச்சிருக்க?”

“பாவம் மதினி, ஆபரேசனுக்குப் போன அம்மா. அழகா இருக்கட்டும்னுதான்…”

சுத்தம் பண்ணிய படத்தைப் பழையதன் மேலேயே சேமிப்பது எங்கள் கடைப் பழக்கம். பழைய முகத்தைக் கேட்டு இதுவரை யாரும் வந்ததில்லை. நான் கத்தினேன். அவள் அழுதாள். அழுவதைப் பார்த்து இன்னும் கத்தினேன். எவ்வளவு கத்தினாலும் அந்த மார்பு திரும்பி வரப்போவதில்லை.

மழைக்காலம் முடிந்து ஒருநாள் அக்கா தனியாக வந்தார். உயிரோடு பார்த்ததில் சந்தோஷம், படத்தைக் கேட்பாரே என்று பயம். வேறு வழியில்லாமல் எடுத்துக் கொடுத்தேன். தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

“இது யாரு?”

நடந்ததைச் சொன்னேன்.

“பழசு இல்லவே இல்லையா?”

“இல்லக்கா. போச்சு.”

“அத ஒருக்கப் பாக்கலாம்னுதான் வந்தேன்,” என்றார். குரலில் கோபமில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

வாசலில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்ற தம்பி மனைவியைத் திரும்பிப் பார்த்தார். “நீதான் அந்தக் கம்ப்யூட்டர்காரியா? உள்ள வா. வெளக்கப் பிடி.”

உடை மாற்றும் அறைக்குப் போய் ஜாக்கெட்டைக் கழற்றினார். இடது பக்கம் தட்டையாக, அக்குள்வரை இழுத்துத் தைத்த கோடு, சிவப்பு இன்னும் மாறவில்லை. “இப்ப இருக்கிறத எடு,” என்றார். நான் கேமராவைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது அந்த வெற்றிடத்தில் கையை வைத்துத் தடவினார். “மறந்து போகுது தாயி. வலது மாதிரியேதான் இருந்துச்சோ என்னமோ.”

“இல்லம்மா,” என்றாள் தம்பி மனைவி. விளக்கைச் சற்றுக் கிட்டே கொண்டுவந்தாள். “கொஞ்சம் எறங்கி இருந்துச்சு. அடியில ஒரு மச்சம். பக்கத்துல மேலேர்ந்து கீழ வரைக்கும் மூணு வரி, நடுவுல இருக்கது நீளம். நான்தானம்மா ஒவ்வொண்ணா அழிச்சேன்.”

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். “ஆமா,” என்றார். “மச்சம் இருந்துச்சு.”

நான் அப்போது எடுத்தேன்.